ஒண்ணும் போடாத தொட்டி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். "எவர்சில்வர்தான் துருப்பிடிக்காதே மேடம், அப்புறம் நாம எதுக்கு?" கேட்காதவர்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும். கேள்வி வராத ஆள் ஆசிட் தொட்டி பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது என் கட்சி.

எவர்சில்வர் என்று பெயர் வைத்தவர் யாரோ, நம் தொழிலுக்குப் பெரிய தொல்லை வைத்துவிட்டுப் போய்விட்டார். பெயரிலேயே ஆயுள் உத்தரவாதம் இருக்கிறதல்லவா. உண்மையில் அதுவும் இரும்புதான். கூடவே கலந்திருக்கிற குரோமியம் காற்றுப் பட்டதும் மேலே ஒரு தோலை வளர்த்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல். பட்டறையில் அறுத்து, உரசி, வெல்டிங் வைக்கும்போது அந்தத் தோல் கிழிகிறது. சாதா இரும்புத் துகள்களும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நாம் நைட்ரிக் ஆசிட்டில் முக்கி அந்தத் துகள்களைக் கரைத்துவிட்டு, தோல் முழுசாக வளர வழிவிடுகிறோம். அவ்வளவுதான் நம் உத்தியோகம். மற்றதை உங்களுக்குப் புத்தகம் சொல்லும். புத்தகம் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்.

நான் கோவில்பட்டியில் இந்த வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, தீப்பெட்டிக் கம்பெனியில் மருந்து கலக்கும் பக்கம் போகப் பிடிக்காமல், ஒரு சின்ன ஆசிட் ஷெட்டில் சேர்ந்தேன். நூல் மில்களுக்குச் செய்கிற உருப்படிகள், பால் பண்ணைப் பாத்திரங்கள், ஆஸ்பத்திரித் தட்டுகள் எல்லாம் வரும். எல்லாரும் என்னைக் கெமிஸ்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். நல்ல மனிதர். ஆனால் எது கெட்டுப் போனாலும் அவர் முதலில் தேடுவது காரணத்தை அல்ல, ஆளை. அதற்கு அவர் வைத்திருந்த வார்த்தை கைராசி. ஒருவனுக்குக் கைராசி இருந்தால் அவன் முக்கி எடுத்த உருப்படி பளிச்சென்று வரும், இல்லாவிட்டால் வராது. நான் சேர்ந்த புதிதில் ஒரு தொட்டி ஆசிட் கலங்கிப் போனபோது, ஷெட்டுக்குள் பொம்பளை கால் பட்டதுதான் காரணம் என்று யாரோ சொன்னார்கள். கலங்கியதற்குக் காரணம், ஈயப் பூச்சுள்ள ஒரு கொக்கி உள்ளே விழுந்து கிடந்தது. கொக்கியை எடுத்து மேஜையில் வைத்தேன். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கைராசி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அன்றையிலிருந்துதான்.

ஆசிட்டில் முக்குகிற வேலை கருப்பசாமியுடையது. என் வயதுதான் இருக்கும். அதிகம் பேச மாட்டார். வீட்டில் படுக்கையில் கிடக்கிற அப்பாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

ஒரு கார்த்திகை மாதத்தில் கடலை மிட்டாய்க் கம்பெனிக்காரர் ஒருவர் எங்கள் ஷெட்டுக்கு வந்தார். ஊரில் பெயருள்ள மனிதர். சென்னையில் பெரிய கடை ஒன்று அவருடைய மிட்டாயை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஆனால் பாகு படுகிற இடமெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அதற்காக, வெல்லப் பாகை வடித்துச் சேர்த்து வைக்க இடுப்பளவு உயரத்தில் ஒரு தொட்டி செய்திருந்தார். ஐப்பசியில் அதற்கு ஆசிட் கொடுத்து அனுப்பியது நாங்கள். மாதக் கடைசியில் சென்னை ஆட்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

"அண்ணாச்சி, தொட்டிக்குள்ள எட்டிப் பாத்தா செவசெவன்னு இருக்கு. இன்னும் அடுப்பே மூட்டல. புது அடுப்பு கட்ட கொத்தனாரு வரல, தொட்டி மூடுனபடி கெடந்துச்சு. ஒரு சொட்டுப் பாகு ஊத்தல. அதுக்குள்ள துரு."

அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது. "ஒண்ணுமே போடலியா?"

"ஒண்ணும் போடலங்கேன்லா. மறுபடி ஆசிட் குடுக்கதுன்னா குடுங்க. ஆனா முன்ன முக்குனவன் கை இனி அதுல படக்கூடாது. மங்களகரமா ஆரம்பிக்க வேண்டிய தொழில்."

அவர் போனதும் அண்ணாச்சி கருப்பசாமியைக் கூப்பிட்டார். "ஏலே, அன்னைக்கு வெரசா எடுத்துட்டுப் போயிட்டியோ?"

"இல்ல அண்ணாச்சி. எப்பவும் போலத்தான்."

"அப்பம் எப்படி வந்துச்சு?"

"தெரியல அண்ணாச்சி" என்றார் கருப்பசாமி. அவர் வெளியே போனதும் அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "கெமிஸ்டம்மா, நீ போயி பாத்துட்டு வந்து ஒரு வார்த்த சொல்லு. இவன் தப்புன்னா இந்த மாசத்தோட நிறுத்திருவோம். ஆசிட்ல முக்குதவன் கை சரியில்லன்னு ஊருக்குள்ள பேச்சு வந்தா, ஒரு மில்லுக்காரன் நம்ம வாசல்ல ஏற மாட்டான்."

ஆக, என் ஒரு வார்த்தையில் ஒரு குடும்பத்தின் சாப்பாடு தொங்கியது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறைக்காமல் சொல்கிறேன், பயத்தைவிட ஆர்வம் அதிகமாக இருந்தது. ஒன்றுமே போடாத தொட்டி எப்படித் துருப்பிடிக்கும்?

முதலில் எங்கள் ஷெட்டைத்தான் சந்தேகப்பட்டேன். நீங்களும் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கரிசல் பூமியில் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ஆசிட்டிலிருந்து எடுத்த உருப்படியை அதில் கழுவி அப்படியே காயவிட்டால், செய்த வேலை வீண். அதனால் கடைசிக் கழுவலுக்கு மட்டும் குடிக்கிற நல்ல தண்ணீரை லாரியில் வாங்கித் தனித் தொட்டியில் வைத்திருந்தோம். அதைச் சோதித்தேன், சரியாக இருந்தது. ஒவ்வொரு உருப்படியோடும் அதே தகட்டில் ஒரு துண்டு வெட்டிக் கூடவே முக்கி வைப்போம். அதற்குச் சாட்சித் துண்டு என்று பெயர். அந்தத் துண்டில் மயில்துத்தக் கரைசலைச் சொட்டிப் பார்த்தேன். சாதா இரும்பு ஒட்டியிருந்தால் அந்த இடம் செம்பு நிறமாக மாறும். மாறவில்லை. கருப்பசாமி அன்று தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்.

"துண்ட நல்லா முக்கிட்டு, தொட்டிய ஏனோதானோன்னு முக்கிருப்பான்" என்றார் அண்ணாச்சி. சாட்சியையே நம்பாதவரிடம் வழக்குப் பேசிப் பயனில்லை. டவுன் பஸ் ஏறி மிட்டாய்க் கம்பெனிக்குப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் வெல்ல வாசனை. பழைய அடுப்பில் வேலை நடந்துகொண்டிருந்தது. புதுத் தொட்டி ஓர் ஓரமாக இருந்தது. மிட்டாய்க்காரர் மூடியைத் திறந்துவிட்டு, "பாத்துக்கோங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

துருவைப் பார்த்தால் நம் ஆட்கள் எவ்வளவு என்று பார்ப்பார்கள். எங்கே என்று பாருங்கள். ஆசிட் போதாமல் போயிருந்தால் சுவரிலும் அடியிலும் ஒன்றுபோல இருந்திருக்கும். ஏனென்றால் முக்கும்போது ஆசிட் எல்லா இடத்தையும் ஒன்றாகத்தான் தொடுகிறது. இங்கே சுவர்கள் கண்ணாடி போல இருந்தன. அடியில், நடுவில் மட்டும், ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்குச் செம்புள்ளிகள். வெல்டிங் தையல் அந்த வட்டத்தைக் கடக்கிற இடத்தில் இன்னும் அழுத்தமாக. வட்டத்துக்கு வெளியே அதே தையல் சுத்தம். அந்த இடத்தில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்து எழுந்து போயிருக்கிறது.

"முதலாளி, இதுக்குள்ள எதையாவது வச்சிருந்தீங்களா?"

"ஒண்ணும் வைக்கல."

"கழுவுனீங்களா?"

"வந்த அன்னைக்குக் கழுவுனோம். அப்புறம் துருவப் பாத்துட்டு, போகுதான்னு மறுபடி கழுவுனோம். போகல."

"சாக்கு, சாமான், வெல்லக்கட்டி?"

"நான் பொய்யா சொல்லுதேன்?" அவர் குரல் ஏறியது. அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கும் தெரிந்தது. அதுதான் வேடிக்கை. அவர் உண்மையைச் சொல்கிறார், கருப்பசாமியும் உண்மையைச் சொல்கிறார், தொட்டி மட்டும் வேறு எதையோ சொல்கிறது.

போன் வந்திருக்கிறது என்று யாரோ கூப்பிட, அவர் முன்கட்டுக்குப் போனார். நான் தொட்டிக்குள் குனிந்து, ஈரத் துணியால் தையலின் இடுக்கைத் துடைத்தேன். துணியில் லேசாக ஒரு மஞ்சள் கறை. துருவின் மஞ்சளாக இருக்கலாம். குழாயடிக்குப் போய் அந்த இடத்தில் சோப்பைத் தேய்த்தேன். மஞ்சள், சிவப்பாக மாறியது.

இதற்குக் கெமிஸ்ட்ரி படித்திருக்க வேண்டியதில்லை. சமையல் துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும், சோப்புப் பட்டால் எது சிவக்கும் என்று. துருவில் எத்தனை சோப்பைத் தேய்த்தாலும் அப்படி ஆகாது. ஒன்றும் போடாத தொட்டிக்குள் மஞ்சள்தூள் எங்கிருந்து வந்தது?

குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண் என் கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிட்டாய்க்காரரின் மருமகள். புதூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"மஞ்சளாம்மா இது?" என்று கேட்டேன்.

"சாமிக்கு வச்சது அக்கா" என்றாள் மெதுவாக. "தொட்டி வந்த அன்னைக்கு வெள்ளிக்கிழம. புதுப் பாத்திரத்துல மொதல்ல உப்பும் மஞ்சளும் வைப்பம்லா. கழுவுன ஈரத்தோட நாந்தான் வச்சேன். அடுப்பு பத்த வைக்கும்போது எடுக்கலாம்னு இருந்தோம். கொத்தனாரு வரவே இல்ல. மழை ஈரத்துல உப்பு கசிஞ்சு போயிருந்துச்சு, அள்ளித் தண்ணியில கரைச்சிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வியப்பும் வந்தது. ஒண்ணும் போடவில்லை என்றால் ஒண்ணும் போடவில்லைதான். பாகு ஊற்றினால் அது போட்டது. சாமிக்கு வைத்தது போட்டதில் சேருமா? எந்த வீட்டிலும் சேராது. என் வீட்டுப் புதுப் பானையைப் பற்றி யாராவது கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் எவர்சில்வரின் தோலுக்கு எமன் உப்புதான். அதுவும் தூத்துக்குடிப் பக்கத்துக் கல் உப்பு, ஐப்பசி ஈரத்தில் கசிந்து, மூடிய தொட்டிக்குள் நாள்கணக்கில் ஒரே இடத்தில். தோல் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

"உங்க மாமாட்ட சொல்லிருவோம். இது யாரு தப்பும் இல்ல" என்றேன்.

அவள் முகம் வெளிறிவிட்டது. "வேண்டாம்க்கா. கொத்தனாரு வராததுக்கே நான் வந்த நேரம்ங்காவ. நான் வச்ச உப்புல தொட்டி துருப்புடிச்சுன்னு தெரிஞ்சா, இவ கை வெளங்காத கைன்னு ஆயிரும். அதுக்குப் பெறவு இந்த வீட்டுல நான் ஒரு வெளக்கு ஏத்த முடியாது."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. காரணம் கையில் இருக்கிறது. சொன்னால் கருப்பசாமி பிழைப்பார், அந்தப் பெண் மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் அவள் பிழைப்பாள், கருப்பசாமியின் வேலை போகும். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பழியை மாற்றி வைப்பதற்கா நான் படித்தேன்? துரு ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது என்று நினைக்காதீர்கள். அதை எப்படிச் சொல்கிறோம் என்பதும் நம் வேலையில்தான் சேரும்.

அண்ணாச்சியிடம் "இன்னும் தெரியல, ஒரு சோதனை வச்சுத்தான் சொல்ல முடியும்" என்றேன். தெரிந்துகொண்டே தெரியாது என்றது பொய்தான். அதற்காக இன்றும் எனக்கு வருத்தமில்லை. நடுவில் வெல்டிங் வைத்த இரண்டு நீளத் தகடுகளை எடுத்தேன். ஒன்றைக் கருப்பசாமியை முக்கச் சொன்னேன். இன்னொன்றை அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

"நானா?" என்றார்.

"உங்க கைராசிக்கு மேல இந்த ஊர்ல யாருக்கு இருக்கு அண்ணாச்சி?"

கையுறை மாட்டிக்கொண்டு, பெருமையாகவே முக்கி எடுத்தார். எது யாருடையது என்று ஓரத்தில் குறி வெட்டிக்கொண்டு, இரண்டையும் மறுநாள் மிட்டாய்க் கம்பெனிக்கு எடுத்துப் போனேன்.

"முதலாளி, உங்க தொழில்ல பொழங்குத சாமான்ல எது இந்த ஸ்டீலக் கடிக்குன்னு பாக்கணும். நான் போட்டா நான் எதையோ கலந்துட்டேன்னு ஆயிரும். நீங்களே உங்க கையால போடுங்க."

அவருக்கும் அது பிடித்திருந்தது. வெல்லம் கேட்டேன், தட்டி வைத்தார். வறுத்த கடலை, ஏலக்காய், சுக்குத்தூள். "அடுப்படியில இருக்க மத்ததும் கொஞ்சம் கொஞ்சம் வைங்களேன், சோதனைதானே" என்றேன். புளி வந்தது, மஞ்சள்தூள் வந்தது, கல் உப்பு வந்தது. தகட்டில் தையல் ஓடுகிற வழியிலேயே இரண்டிலும் ஒரே வரிசையில் தன் கையால் குட்டிக் குட்டிக் குவியலாக வைத்து, தண்ணீர் தெளித்து, தட்டால் மூடினார். அந்தப் பெண் அடுப்படி நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

காத்திருந்த நாட்களில் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. சோதனை என்று வைத்துவிட்டால் அது நம் பேச்சைக் கேட்காது. ஒரு தகட்டில் மட்டும் துரு வந்து, அது கருப்பசாமியின் தகடாக இருந்துவிட்டால்? அவரோ வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை, "எதுவா இருந்தாலும் எங்கிட்ட மொதல்ல சொல்லிருங்க" என்றார்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளியன்று அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். மிட்டாய்க்காரர் தட்டை எடுத்தார். குவியல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வெல்லம் இருந்த இடம் பளிச்சென்று இருந்தது. கடலை, ஏலக்காய், புளி, எல்லாம் சுத்தம். மஞ்சள் இருந்த இடத்தில் வெறும் கறை. விரலால் தேய்த்தால் போனது. உப்பைத் தள்ளினார். கீழே அதே செம்புள்ளிகள். இரண்டாவது தகட்டிலும் அதே இடத்தில், அதே நிறத்தில்.

"இதுல எது என் தகடு?" என்றார் அண்ணாச்சி.

"நீங்களே கண்டுபுடிங்க" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்துக் குறியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

மிட்டாய்க்காரர் உப்பு இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "அம்மா, அன்னைக்குத் தொட்டியில சாமிக்கு உப்பு வச்சோம்லா."

அடுப்படி நிலையில் வளையல் சத்தம் நின்றுபோனது.

"நீங்க கேக்கும்போது அது எனக்கு நெனப்பே வரல பாருங்க" என்றார். "வைக்கச் சொன்னவன் நாந்தான். இங்கனயும் என் கைதான் போட்டிருக்கு. அப்பம் என் கை வெளங்காத கையா?" என்று தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, அவரே சிரித்துவிட்டார்.

"உப்புக்கு யாரு கைன்னு தெரியாது முதலாளி" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"தொட்டிய எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. முன்ன முக்குன அதே ஆளு முக்கட்டும். பாவம், அவர நான் என்னெல்லாமோ சொல்லிட்டேன்."

ஷெட்டுக்குத் திரும்பியதும் கருப்பசாமியிடம்தான் முதலில் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்பம் தொட்டி எப்ப வருது?" என்று கேட்டார். குழிகள் ஆழமாக இல்லை. தேய்த்துச் சமன்செய்து, மறுபடி ஆசிட் கொடுத்து, சென்னை ஆட்கள் வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டோம். அந்த மாதமும் அதற்கடுத்த பல வருடங்களும் கருப்பசாமிதான் முக்கினார். அண்ணாச்சி கைராசி என்ற வார்த்தையை விட்டுவிட்டாரா என்று கேட்காதீர்கள். விடவில்லை. ஆனால் அதைச் சொல்லப் போகும் முன் ஒரு தடவை என் மேஜைப் பக்கம் பார்த்துக்கொள்வார்.

புது அடுப்புப் பற்றவைத்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது தொட்டி மஞ்சள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. "உப்பு வைக்காம எப்படிம்மா ஆரம்பிக்க?" என்று மிட்டாய்க்காரர் என்னிடம் சங்கடமாகக் கேட்டார். வைக்க வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? சின்ன ஊறுகாய் ஜாடி ஒன்று கேட்டேன். அவர் மருமகளைக் கூப்பிட்டு, "நீயே வையி தாயி" என்றார். அவள் பீங்கான் ஜாடியில் உப்பையும் மஞ்சளையும் நிரப்பி, மூடி போட்டு, வெளிப்பக்கம் ஈரமில்லாமல் துடைத்து, தொட்டியின் நடுவில் இறக்கி வைத்துக் கும்பிட்டாள்.

கும்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, இனி யாராவது வந்து தொட்டியில என்ன போட்டீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் போடலன்னு சொல்லு" என்றேன்.